கனவில் எரிந்த நூலகம்

பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம் என்றால், "நாடு கிடக்கிற கிடையில இது தேவையோ?" என்று பின்வரிசையில் ஒருவராவது முணுமுணுப்பார். தேவைதான். 83 ஜூலை இனக்கலவரத்தைக் கண்ட சனம் இரண்டு மணித்தியாலம் கண்ணன் வெண்ணெய் திருடுவதைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? அதேபோல் கவிதையும் செய்தி அறிக்கையாக இருக்கத் தேவையில்லை. அதற்கு வீரகேசரி இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. எம்.ஏ. நுஃமான் அதை 'புத்தரின் படுகொலை' கவிதையில் ஒரு கனவாகத்தான் எழுதினார்: சிவில் உடையில் வந்த பொலிசார் புத்தரைச் சுடுகிறார்கள், உடல் நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறது, புத்தகங்களை அடுக்கி எரிக்கிறார்கள். கனவென்றால் தப்பியோட்டம் என்பவர்கள் இதை எந்தப் பெட்டிக்குள் போடுவார்கள்? நடந்த எதுவும் அதில் தப்பவில்லை. அந்த வருடத்துப் பாராளுமன்ற உரைகளில் ஒன்றாவது யாருக்கும் ஞாபகம் இருக்கிறதா?