வேலை முடிந்தது, சரி. எந்தத் தெருவில்?

ஆனைக்குட்டம் அணையைப் பற்றிப் பேப்பரில் வரும் செய்தி பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஷட்டர் ஒழுகுகிறது என்று வரும், இல்லையென்றால் ஷட்டரைச் சரிசெய்யப் போகிறார்கள் என்று வரும். அர்ச்சுனா நதியில் கட்டிய அணை, விருதுநகருக்குக் குடிநீர் தரும் அணை. ஒழுகினால் அதிகாரிகள் வந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இதே வட்டாரத்தில் ஒரு தெருக்குழாய் மாதக்கணக்கில் ஒழுகினால் யாராவது வந்து பார்ப்பார்களா? அது அந்தக் குழாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

போன மாதம் அந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், எந்த ஊராட்சிக்கும் பொருந்தும். அலுவலகச் சுவரில் பணிகள் பட்டியல் ஒட்டியிருந்தது. பேவர் பிளாக் சாலை, முடிவுற்றது. வாறுகால், முடிவுற்றது. மினி பவர் பம்பு, முடிவுற்றது. எந்தத் தெருவில் என்று கேட்டேன். "ஊராட்சிக்குள்ளதான் சார்" என்றார் அங்கிருந்தவர்.

நடந்து போய்ப் பார்த்தோம். பேவர் பிளாக் கோயில் முக்கு வரை வந்து நிற்கிறது. அதற்கு அப்புறம் செம்மண். வாறுகால் மேலத்தெருவில் கான்கிரீட்டாகத் தொடங்கி, நம் மக்கள் தெரு தொடங்கும் இடத்தில் முடிகிறது. அதாவது மேலத்தெருத் தண்ணீரை மொத்தமாகக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டு முடிகிறது. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சொன்னார்: "அவுகளுக்கு வேல முடிஞ்சிருச்சுய்யா. எங்களுக்கு இப்பத்தான ஆரம்பிக்குது."

அந்தப் பட்டியலில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். சாலை போட்டது உண்மை, வாறுகால் கட்டியது உண்மை. யார் தெருவில் என்ற ஒரே ஒரு பத்தியை மட்டும் விட்டுவிட்டால் போதும், உண்மையைக் கொண்டே சாதியை மறைத்துவிடலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 29 அன்று 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். கேரளம் 2024இலேயே செய்த வேலை அது. வரவேற்கிறேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் உதடு எப்படிச் சுழியும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் ஒரு சந்தேகம். 'காலனிக்குச் சாலை போடவில்லை' என்று இதுவரை மனு எழுத முடிந்தது. நாளை அது அண்ணா நகராகவோ மல்லிகைத் தெருவாகவோ மாறும். சுவர்ப் பட்டியலில் 'ஊராட்சிக்குள்' என்று இருக்கும். பெயர்ப் பலகையை மாற்றிவிட்டுச் செம்மண்ணை அப்படியே விட்டால், புறக்கணிப்பு அங்கேயே இருக்கும், அதைச் சுட்டிக்காட்டும் அடையாளம் மட்டும் போயிருக்கும்.

மேலே உள்ள கணக்கிலும் இதே தந்திரம்தான். பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்டம் 1979-80இல் தொடங்கியது. மக்கள்தொகை விகிதத்துக்குத் தக்க பணம் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த விகிதம் 2011 கணக்கெடுப்பின்படி 20 சதவீதம். எப்படிச் செலவு காட்டுகிறார்கள்? கர்நாடகத்தைப் பாருங்கள். 2013இல் அங்கே வந்த சட்டத்தில் 7(டி) என்று ஒரு பிரிவு. பொதுவான கட்டுமானம் எதைக் கட்டினாலும் அதில் ஒரு பங்கைப் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குச் செலவு செய்ததாகக் 'கருதிக்கொள்ளலாம்'. மேம்பாலம் கட்டினால் நாமும் அதில் போவோம் அல்லவா, அதனால்! பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2023இல்தான் அந்தப் பிரிவை எடுத்தார்கள். நம் சட்டப்பேரவையும் 2024இல் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. தெருவாரியாகக் கணக்கு வராத வரை அந்தச் சட்டம் கோயில் முக்கு தாண்டி வராது.

கேட்பதற்கு ஆள் வேண்டுமே என்பீர்கள். விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. உடனே தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். இது முதல்முறையும் அல்ல. 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் இதே கதை. தலித் தலைவருக்கு நாற்காலி தராமல் தரையில் உட்கார வைத்த தெற்குத் திட்டையை 2020இல் பார்த்தோம். மேலவளவு முருகேசன் 1997இல் உயிரையே கொடுத்தார். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவரைப் பதவியில் இருக்கவிடவில்லை. அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற இடஒதுக்கீட்டு நாற்காலியைத் தனி அலுவலர் ஆட்சி ஓர் உத்தரவில் காலி செய்துவிடுகிறது. அதற்கு எந்த ஆதிக்கசாதிக்காரரும் அரிவாள் எடுக்க வேண்டியதில்லை.

நகரம் என்றால் மேல் என்று நினைக்க வேண்டாம். திருத்தங்கல் சிலப்பதிகாரத்தில் வரும் ஊர். 2021இல் சிவகாசியோடு சேர்ந்து மாநகராட்சி ஆகிவிட்டது. அங்கே பட்டியல் வார்டு வாரியாக வரும். ஒரு வார்டுக்குள் எத்தனை தெரு, எத்தனை சாதி!

சரி, என்ன செய்யலாம்? தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜே). காகிதத்தை மட்டும் கேட்கும் உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். நடந்த வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் மாதிரி எடுக்கவும் அதே பிரிவில் உரிமை இருக்கிறது. மனுக் கட்டணம் பத்து ரூபாய். 'பணிகள் விவரம் தருக' என்று எழுதாதீர்கள், அந்தச் சுவர்ப் பட்டியலையே நகல் எடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு பணிக்கும் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் பக்கம் கேளுங்கள். சாலை எந்த வீட்டில் தொடங்கி எந்த வீட்டில் முடிகிறது என்று கேளுங்கள். அந்தத் தொகையில் துணைத்திட்டப் பணம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

கிராம சபையிலும் இதையே தீர்மானமாக்க வேண்டும்: குடியிருப்பு வாரியாக, தெரு வாரியாகப் பணிகள் பட்டியல். ஆண்டுக்கு ஆறு கூட்டம். அதில் மார்ச் 22 விடுமுறை நாள் இல்லை. காலை ஏழு மணிக்கே வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போய்விடும் நம் பெண்கள் அன்றைக்கு வர முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 விடுமுறை. அந்த நாலு நாளில் தெருவுக்குப் பத்துப் பேராவது போங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கேட்டால் போடாதீர்கள்.

பாட்டி வீட்டு வாசலில் எடுத்த படமும் வாறுகாலின் நீளமும் என்னிடம் இருக்கின்றன. அளவுப் புத்தகத்துக்கு மனுப் போட்டாயிற்று. பதில் தர முப்பது நாள் அவகாசம். வந்ததும் இங்கே போடுகிறேன்.