பொய் சொன்ன இடத்திலிருந்து தொடங்கு

போன மாசம் ஒரு மாணவத் தோழர் நோட்டும் கையுமாக வந்தார். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கிறவர். “என்னைப் பத்தி நானே எழுதியிருக்கேன் அண்ணே. மொதக் கவிதை. பாத்துச் சொல்லுங்க” என்றார். படித்தேன். முதல் வரியில் அவர் எரிமலை. இரண்டாவது வரியில் சூரியன். அப்புறம் புயல். கடைசியில் விடியல். இருபது வரிகளில் அவர் ஊர் இல்லை, தெரு இல்லை, அம்மா இல்லை, விடுதிச் சோறுகூட இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முதல் கவிதையும் இதே லட்சணம்தான். அதில் நான் நிலா. எங்க சேரிக்குத் தெருவிளக்கு வராத காலத்தில் அந்த நிலா வெளிச்சத்தில்தான் எங்கம்மா சோறு போட்டாள். அது கவிதைக்குள் வரவே இல்லை.

ஏன் இப்படி? பாடப்புத்தகத்தில் ‘நான்’ என்று பேசியவர்களில் பெரும்பாலோருக்குத் தெருப் பெயரைச் சொல்ல வேண்டிய நெருக்கடி கிடையாது. அவர்கள் ‘நான்’ என்றால் அது ‘மனிதன்’ என்று ஆகிவிடும். நாம ‘நான்’ என்று வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி, ‘நீ எந்தத் தெரு?’ அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நிலாவுக்குள்ளும் எரிமலைக்குள்ளும் போய் ஒளிஞ்சுக்கிறோம். எரிமலைகிட்ட எவனும் சாதி கேக்க மாட்டான், இல்லையா?

நம்ம தோழர்களிடமும் ஒரு குரல் உண்டு. “தனிமனிதப் புலம்பல் எதுக்கு? ‘நான்’ங்கிறது குட்டி முதலாளித்துவம். ‘நாம்’னு எழுதுங்க” என்பார்கள். மேடைக்கும் ஊர்வலத்துக்கும் ‘நாம்’ வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எழுதத் தொடங்குகிறவருக்கு ‘நாம்’ ரொம்ப வசதியான பதுங்குகுழி. ‘நாம் ஒடுக்கப்பட்டோம்’ என்று எழுத இப்போது பெரிய துணிச்சல் தேவையில்லை. ‘நேத்து காலையில் நான் என்ன செஞ்சேன்’ என்று எழுதத்தான் தேவை.

பாபாசாகேப் அம்பேத்கர் 1935-36 வாக்கில் எழுதி, 1990இல் சிறு நூலாக வந்த ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ படித்திருப்பீர்கள். 1901இல் கோரேகாவில் இருந்த அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். புதுச்சட்டை, புதுச்செருப்பு, தொப்பி. மசூர் ஸ்டேஷனில் இறங்கியதும், ஸ்டேஷன் மாஸ்டரிடம் மகர் என்று சொன்னதுமே அவர் முகம் மாறுகிறது. எந்த வண்டிக்காரனும் வர மறுக்கிறான். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்ட வேண்டியிருக்கிறது. கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணி இல்லை. வழியில் சுங்கச்சாவடிக்காரனிடம் அந்தச் சிறுவன் உருதுவில் பேசி, தன்னை முஸ்லிம் என்று சொல்லித் தண்ணி கேட்கிறான். அப்படியும் கிடைக்கவில்லை.

தோழர்களே, நான் நிற்கிற இடம் இது. ஒரு வாய்த் தண்ணிக்காகத் தான் சொன்ன பொய்யை அந்தப் பெரிய மனிதர் மறைக்கவில்லை. உவமை இல்லை, ஆவேசம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினார். படிக்கிறவனுக்கு அவர் மேல் கோபம் வருவதில்லை. ஒரு பிள்ளையைப் பொய் சொல்ல வைத்த ஊர் மேல்தான் வருகிறது.

இனி என் பொய். நான் வங்கியில் குமாஸ்தா. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள் நூறுநாள் வேலைக் கூலி எடுக்க எங்க சேரிக் கிழவி ஒருத்தி வந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “ஏங் கண்ணு, நம்ம கெழக்கு வூட்டுப் புள்ளதான நீயி?” என்று ஹால் முழுக்கக் கேக்கிற மாதிரி கேட்டாள். பக்கத்து சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, “பாஸ்புக்கைக் குடுங்கம்மா” என்றேன். அவ்வளவுதான். கிழவி ஒண்ணும் சொல்லவில்லை. பணத்தை முந்தானையில் முடிஞ்சுகிட்டுப் போய்விட்டாள். என்னைத் தூக்கி வளர்த்த கை அது.

இத்தனை வருஷக் கவிதைகளில் நான் பறையாக அதிர்ந்திருக்கிறேன், நெருப்பாக எரிந்திருக்கிறேன். அந்தக் கிழவி ஒரு வரியில்கூட இல்லை. பறைக்கும் நெருப்புக்கும் பின்னால் நான் உட்கார்ந்திருந்தது தலை குனிந்தபடிதான்.

‘ரணத்தைக் காட்டி இரக்கம் கேக்குறாங்க’ என்று சில இலக்கியப் பீடங்கள் சொல்லும். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்ததற்குப் பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை. ரணத்தை மட்டும் காட்டினால் அவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் நாம் ஒளிஞ்ச இடத்தைக் காட்டினால் அப்படிப் போக முடியாது. யாருக்குப் பயந்து ஒளிஞ்சான் என்கிற கேள்வி படிக்கிறவன் மடியில் போய் விழும்.

அதனால் புதுசாக எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ‘நான் யார்’ என்று தொடங்காதீர்கள். அதற்குப் பதிலாக எரிமலைதான் வரும். ‘நான் எங்கே பொய் சொன்னேன், யார்கிட்ட, எந்த நேரத்தில்’ என்று தொடங்குங்கள். எதிரே இருந்தவர் பேசியதை அவர் பேசின பாஷையிலேயே போடுங்கள். உங்க அம்மா பேச்சைத் திருத்தாதீர்கள். எங்கே கை கூசுகிறதோ அங்கேதான் கவிதை இருக்கிறது. அங்கே நிலாவைக் கொண்டுவந்து மூடிவிடாதீர்கள்.

அந்த மாணவரிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, “காலேஜ்ல யாராச்சும் ஊர் எதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டேன். பக்கத்து டவுன் பேரைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தார். “அதை எழுதிக்கிட்டு வாங்க தோழர்” என்றேன்.

கிழவியைப் பற்றிய கவிதையை நானும் இன்னும் முடிக்கவில்லை. அடுத்த தடவை அவள் கவுன்ட்டருக்கு வரும்போது, “ஆமா ஆயா, கெழக்கு வூட்டுப் புள்ளதான்” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். மீதி வரிகளை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.