எடுத்துக்க ஆள் இருக்கா?

போன வெள்ளிக்கிழமை வெக்காளியம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, எங்கள் தெரு அண்ணன் ஒருவர் பளபளப்பான புத்தகம் ஒன்றோடு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'அண்ணன்' என்றே எழுதுகிறேன்.

"தம்பி, நீ பாய்லர் கம்பெனியில இருந்தவன். இதைப் படிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

படித்தேன். ஒரே நிறுவனம் இரண்டு தொழில் செய்யப் போகிறதாம். ஒன்று, கிராமத்துப் பையன்களைத் தேர்ந்தெடுத்துக் கால்பந்து வீரர்களாக்கி வெளிநாட்டுக் கிளப்புகளுக்கு அனுப்புவது. மற்றொன்று, ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து எரிபொருளாக்குவது. ஐந்து லட்சம் போட்டால் மூன்று வருஷத்தில் பத்து லட்சம். அண்ணன் ஏற்கெனவே ஐம்பதாயிரம் 'முன்பதிவு' கட்டிவிட்டார். பாக்கியைக் கட்டலாமா என்பதுதான் கேள்வி.

தேக்கு மரம், ஈமு கோழி எல்லாம் பார்த்த தலைமுறை நாம். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த இரண்டு தொழிலும் ஈமு கோழி மாதிரி இல்லை. இரண்டும் நிஜமானவை, நம் தமிழ்நாட்டிலேயே நடந்தவை. அதனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் அப்பா உறையூரில் தறி நெய்தவர். பாவு ஏற்றுவதற்கு முன்னால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எடுத்துக்க ஆள் இருக்கா?" சங்கம் எடுக்கிறதா, கடைக்காரர் எடுக்கிறாரா என்று தெரியாமல் பாவு ஏற்ற மாட்டார். நூலுக்குப் போட்ட காசு தறியிலேயே மாட்டிக்கொள்ளும். புதிய தொழில் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

முதலில் கரியமில வாயு. தூத்துக்குடியில் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் என்ற ஆலை இருக்கிறது. சோடா ஆஷ் தயாரிப்பவர்கள். சோப்புத் தூளுக்கும் கண்ணாடிக்கும் போகும் சரக்கு அது. அதைத் தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். 2016இல் அவர்கள் தங்கள் நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்தே அந்த வாயுவைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தார்கள். வருஷத்துக்கு 60,000 டன் என்பது திட்டம். அரசு மானியம் இல்லாமல் செய்தார்கள் என்பதால் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

செய்முறை கேட்கச் சுலபம். புகையை ஒரு ரசாயனக் கரைசல் வழியாக அனுப்பினால், கரியமில வாயு மட்டும் கரைசலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கரைசலைச் சூடாக்கினால் வாயு தனியே பிரியும். கரைசல் மறுபடி வேலைக்குப் போகும். இந்தக் கரைசலை மேம்படுத்தியவர்கள் கரக்பூர் ஐஐடியில் படித்த அனிருத்த சர்மா, பிரதீக் பும்ப் என்ற இரண்டு இளைஞர்கள். இங்கே பணம் போட ஆள் கிடைக்காமல் பிரிட்டனுக்குப் போய், அங்கே அரசு உதவி பெற்று வளர்ந்த நிறுவனம் அவர்களுடைய கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ்.

இது ஏன் நடந்தது? ஆலையின் நிர்வாக இயக்குநர் ராமச்சந்திரன் கோபாலன் மறைக்காமல் சொன்னார்: உலகைக் காப்பாற்றும் எண்ணத்தில் செய்யவில்லை, தடையில்லாமல் கரியமில வாயு வேண்டியிருந்தது, அதற்கு இதுதான் நல்ல வழி. அதாவது பிடிப்பவரும் அவரே, எடுத்துக்கொள்பவரும் அவரே. என் அப்பாவின் கேள்விக்கு அங்கே பதில் இருந்தது.

அளவையும் பார்க்க வேண்டும். அதே தூத்துக்குடியின் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. ஓர் அலகு முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் ஏறக்குறைய 50 லட்சம் யூனிட் மின்சாரம். நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு என்று வைத்தால், நாளொன்றுக்கு 5,000 டன். அப்படியானால் சோடா ஆஷ் ஆலை ஒரு வருஷம் முழுக்கப் பிடிப்பது, பக்கத்து அலகு ஒன்று பன்னிரண்டு நாளில் விடுவது. அதிலும், சோடா ஆஷைக் கண்ணாடி உலையில் போட்டு உருக்கும்போது அந்த வாயு மறுபடி காற்றுக்கே போய்விடுகிறது. நல்ல வேலைதான், ஆனால் சின்ன வேலை.

அண்ணனின் புத்தகத்தில் இருந்த 'எரிபொருளாக்கும்' வித்தைக்கும் வருகிறேன். பாய்லர்காரன் பாஷையில் சொன்னால், கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த சமாசாரம், அடுப்புச் சாம்பல் மாதிரி. சாம்பலை மறுபடி விறகாக்க முடியாதா என்றால், வேதியியலில் முடியும். ஆனால் எரித்தபோது கிடைத்ததைவிட அதிகச் சக்தியைத் திரும்பச் செலவழிக்க வேண்டும். ஹைட்ரஜன் தயாரித்து அதோடு சேர்த்தால் மெத்தனால் கிடைக்கும். அந்த ஹைட்ரஜனுக்கு மின்சாரம் வேண்டும். பிடிப்பதற்கே மின் நிலையத்தின் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடும். சூரிய மின்சாரம் மிக மலிவாகக் கிடைக்கும் இடத்தில், அரசோ பெரிய நிறுவனமோ சோதனை செய்து பார்க்கலாம். மூன்று வருஷத்தில் இரட்டிப்புத் தரும் சரக்கு அல்ல இது.

அமெரிக்காவில் டெக்சாஸில் பெட்ரா நோவா என்ற நிலையம், 2017 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது. சுமார் 100 கோடி டாலர் செலவு. பிடித்த வாயுவை எண்ணெய் வயலுக்குக் குழாயில் அனுப்பினார்கள். பூமிக்குள் அழுத்தினால் கூடுதலாக எண்ணெய் வெளியே வரும். 2020இல் எண்ணெய் விலை சரிந்தது. எந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து 2023இல்தான் மறுபடி ஓடியது. எடுத்துக்கொள்பவருக்குக் கட்டுப்படியாகாவிட்டால் பிடிப்பவருக்கு வேலை இல்லை.

இதை நான் திருச்சியிலேயே பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் எங்கள் பெல் வளாகத்தில் நிலக்கரியை வாயுவாக மாற்றி மின்சாரம் எடுக்கும் 6.2 மெகாவாட் சோதனை நிலையம் இருந்தது. இந்தியாவிலேயே பெருமைப்படக்கூடிய வேலை. ஆனால் அந்த அளவைத் தாண்டிப் பெரிய மின் நிலையமாக அது வளரவில்லை. சாதாரண நிலக்கரி பாய்லர் மலிவாகக் கிடைக்கும்போது யார் வாங்குவார்கள்?

இனி கால்பந்து.

சென்னை சிட்டி எஃப்சி என்ற அணி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடி 2018-19 ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். தமிழ்நாட்டு அணி ஐ-லீக் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்த வருஷமே சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்சி பாசெல் கிளப் அதில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இளம் வீரர்களை வளர்ப்பது, அகாடமி அமைப்பது என்றெல்லாம் திட்டம். அந்தச் சமயத்தில் இந்தப் புத்தகம் வந்திருந்தால் நானே பணம் கட்டியிருப்பேனோ என்னவோ!

2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை.

ஏன்? பல காரணம் இருக்கலாம். கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பணமும் தொலைக்காட்சியும் இருந்தது ஐஎஸ்எல்லில். அப்போது ஐ-லீக்கில் ஜெயித்தாலும் ஐஎஸ்எல்லுக்குள் போகக் கதவு கிடையாது. நன்றாக நெய்தாலும் சந்தைக்குள் விட மாட்டேன் என்பது மாதிரி.

அந்த ஐஎஸ்எல்லாவது நிம்மதியாக இருந்ததா? 2010இல் இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் ரிலையன்ஸ் கூட்டு நிறுவனத்துக்கும் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம். அதன் பேரில் 2014இல் ஐஎஸ்எல் பிறந்தது. சென்னையின் எஃப்சி 2015இலும் 2017-18இலும் கோப்பை வாங்கியது. 2025 டிசம்பரில் ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. புதுப்பிக்கும் வழி தெரியாமல் ஜூலையிலேயே லீக்கை நிறுத்தி வைத்தார்கள். இரண்டு தடவை கோப்பை வாங்கிய சென்னையின் எஃப்சி ஆகஸ்டில் தன் நடவடிக்கைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. நவம்பரில் லீக்கின் வணிக உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். ஒருவர்கூட விலை கேட்கவில்லை. நாட்டின் முதல் நிலைக் கால்பந்தை எடுத்துக்க ஆள் இல்லை! அரசு தலையிட்ட பிறகுதான் 2026 பிப்ரவரியில் ஒரு சுருக்கமான சீசன் ஆரம்பமானது.

வீரர்களை விற்று லாபம் என்ற கணக்கும் முழுப் பொய் அல்ல. ஃபிஃபா விதிப்படி, ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் நாடு விட்டு நாடு மாற்றப்படும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். ஆனால் பையன் அந்தக் கிளப்பின் பெயரில் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத அகாடமிக்குச் சல்லிக்காசு வராது. வெளிநாட்டுக் கிளப்புகள் பணம் கொடுத்து வாங்கிப்போன இந்திய வீரர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் நம் காலத்தில் கால்பந்து எப்படிப் பிழைத்தது? எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது. ரயில்வே, ஐசிஎஃப், போலீஸ், மின்சார வாரியம், வங்கிகள். பொன்மலை மைதானத்தில் நாங்கள் மரத்தடியில் நின்று பார்த்த பையன்களுக்குக் கனவு ஸ்பெயின் அல்ல, ரயில்வே உத்தியோகம். நன்றாக ஆடினால் மாதச் சம்பளம், பென்ஷன். கேலி செய்ய வேண்டாம், இன்றும் அதுதான் நிற்கிறது. மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. அதில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல் துறையில் சப் இன்ஸ்பெக்டர். இந்தியாவுக்காகவும் ஆடியிருக்கிறார்.

என் கருத்து இதுதான். இந்த இரண்டு தொழிலும் நாட்டுக்கு வேண்டும். கரியமில வாயுவைப் பிடிப்பது சிமெண்டுக்கு ரொம்பவே வேண்டும். சிமெண்ட் ஆலையிலிருந்து வரும் வாயுவில் பாதிக்கும் மேல், சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வருவது. சூரிய மின்சாரம் வைத்தாலும் அது நிற்காது. நம் பக்கத்துக் கல்லக்குடியில் வளர்ந்த டால்மியா நிறுவனம், தமிழ்நாட்டு ஆலை ஒன்றில் வருஷத்துக்கு 5 லட்சம் டன் பிடிப்போம் என்று 2019இல் அறிவித்தது. செய்யட்டும். அவர்களிடம் பணமும் பொறியாளர்களும் உண்டு. தோற்றாலும் தாங்குவார்கள். அரசு மானியம் கொடுக்கட்டும், கரியைப் பிடித்துச் செய்த சிமெண்டைப் பாலம் கட்ட வாங்கிக்கொள்ளட்டும். அதேபோல விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளை ஒழுங்காக நிரப்பட்டும், ஜெயித்த அணிக்கு மேல் லீக்கில் கதவு திறந்தே இருக்கட்டும். பத்து இருபது வருஷம் காத்திருக்கக்கூடிய பணம்தான் இந்தத் தொழில்களுக்குச் சரி.

நம் பணம் அப்படிக் காத்திருக்கிற பணமா? கண் ஆபரேஷனுக்கும் முட்டி வலிக்கும் வைத்திருக்கிற பணம். எழுபது வயதில் தோற்றுவிட்டு மறுபடி சம்பாதிக்க முடியாது.

சட்ட விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களிடம் விளம்பரம் செய்து பங்கு விற்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் இரட்டிப்பு என்று சொல்லி, அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதை 2019ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. சந்தேகம் வந்தால் ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் பார்க்கலாம், புகாரும் செய்யலாம். பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸும் இருக்கிறது. கட்டுவதற்கு முன்னால் போவது நல்லது.

எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத்தனை வருஷம் வட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கே தெரியலையே தம்பி" என்றார். அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பேரன் தினமும் சாயங்காலம் அண்ணா ஸ்டேடியத்துக்கு ஆடப் போகிறான். அந்தப் புத்தகத்தின் அட்டையில் இருந்த பையன் இவருக்குத் தன் பேரன் மாதிரி தெரிந்திருக்கிறான். அவ்வளவுதான்.

"பேரனுக்குச் செய்யுறது செலவுண்ணே. மனசார செய்யுங்க. அதை முதலீடுன்னு யாராவது சொன்னா மட்டும் எழுந்து வந்துடுங்க" என்றேன்.

பாக்கியைக் கட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். ஐம்பதாயிரத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு இரண்டு பேரும் போலீஸ் அலுவலகம் போவதாக இருக்கிறோம்.

நேற்று பேரனுக்குப் புது பூட்ஸ் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரரிடம் மறக்காமல் பில் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.