கானமயிலின் வழியில் மின்கம்பிகள்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் புல்வெளியில் கானமயில் நடந்துபோவதைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்; ஆண் பறவை 15 கிலோ வரை எடை. ஒருகாலத்தில் தமிழ்நாட்டிலும் திரிந்த பறவை இது. இன்று நாடு முழுவதும் இயற்கையில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 150தான்.

கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேரெதிரே உள்ள மின்கம்பி அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. நெருங்கியபின் தெரிந்தாலும் கனத்த உடலைச் சட்டெனத் திருப்ப முடியாது. தார் பாலைவனத்தில் ஆண்டுக்கு 18 கானமயில்கள் இப்படி மோதி இறப்பதாக இந்திய வனவுயிர் நிறுவனம் மதிப்பிட்டது. வழக்கமாக ஒரே ஒரு முட்டையிடும் பறவை இந்த இழப்பை எப்படித் தாங்கும்?

இந்தக் கம்பிகளில் பல சூரிய மின்சாரத்துக்கானவை. நிலக்கரிக்கு மாற்று வேண்டும். அதில் இருவேறு கருத்து இல்லை. 2030க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத மின் உற்பத்தித் திறனை 500 ஜிகாவாட் ஆக்கும் இலக்கும் சரியானதே.

மின்கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்க 2021இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. உயரழுத்தக் கம்பிகளைப் பதிப்பது கடினம் என்ற அரசின் வாதம் பொய்யல்ல. ஆனால், சூரியப் பூங்காக்களுக்கு இடம் தேர்ந்தெடுத்தபோதே பறவையின் வழித்தடத்தைப் பார்த்திருக்கலாமே! கானமயில் உலவும், தெய்வத்தின் பெயரால் ஊரார் தலைமுறைகளாகக் காத்துவரும் ‘ஓரண்’ மேய்ச்சல் நிலங்கள் பலவும் அரசுப் பதிவேடுகளில் தரிசாகவே கிடக்கின்றன; அதனால் மின்திட்டங்களுக்கு எளிதில் போய்விடுகின்றன.

சாம், ராம்தேவ்ரா இனப்பெருக்க மையங்களில் குஞ்சுகள் வளர்கின்றன. அவற்றைத் திறந்துவிடக் கம்பியில்லாத புல்வெளி வேண்டும். ஓரண் நிலங்களை மின்திட்ட வரைபடங்களிலிருந்து மத்திய, மாநில அரசுகள் இப்போதே நீக்க வேண்டும்.