அனுமதியும் சுதந்திரமும் ஒன்றல்ல

"முதலில் நாடு முன்னேறட்டும், பத்திரிகைச் சுதந்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் கூறுவதுண்டு. இக்கருத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மியன்மாரின் அனுபவமே அதற்குக் காரணம்.

1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் அந்நாட்டில் தனியார் நாளிதழ்கள் இல்லாமற் போயின. சஞ்சிகைகளும் தணிக்கை அதிகாரிகள் பார்த்து அனுமதித்த பிறகே வெளிவந்தன. 2008இல் நர்கிஸ் சூறாவளியால் ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அவ்வேளையிலும் இராணுவ அரசு வெளிநாட்டு உதவிப் பணியாளர்களை உள்ளே விடத் தாமதித்தது. அதைத் தட்டிக்கேட்கச் சுதந்திரமான பத்திரிகை ஒன்று அங்கு இருக்கவில்லை. பத்திரிகைகள் சுதந்திரமாக இயங்கும் ஜனநாயக நாட்டில் பெரும்பஞ்சம் ஏற்படுவதில்லை என்பது பொருளியலாளர் அமர்த்தியா சென்னின் வாதம். பசித்தவனின் குரல் ஆட்சியாளரின் காதில் விழுவதும் அபிவிருத்திதான்.

2011இல் மாற்றம் தொடங்கியது. 2012 ஓகஸ்டில் முன்தணிக்கை நீக்கப்பட்டது. 2013 ஏப்ரலில் தனியார் நாளிதழ்கள் மீண்டும் வெளிவந்தன. ஒரு காலத்தில் பல நூறு டொலருக்கு விற்ற சிம் அட்டை, 2014இல் சுமார் ஒன்றரை டொலருக்குக் கிடைத்தது. உலகம் பாராட்டியது.

ஆனால் பழைய சட்டங்கள் அப்படியே இருந்தன. ரொய்ட்டர் செய்தியாளர்களான வா லோன், கியாவ் சோ ஊ ஆகிய இருவரும் இன் தின் கிராமத்தில் பத்து ரோஹிங்யா முஸ்லிம்கள் கொல்லப்பட்டதை ஆராய்ந்தனர். 2017 டிசெம்பரில் கைதான அவர்களுக்கு, பிரித்தானியர் காலத்து 1923ஆம் ஆண்டின் அரச இரகசியச் சட்டத்தின் கீழ் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்தது மக்கள் தெரிவுசெய்த அரசு! 500 நாட்களுக்கு மேல் சிறையிலிருந்த பின்பே பொதுமன்னிப்பில் அவர்கள் விடுதலையாகினர். அக்கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஏழு படையினரோ ஓராண்டு முடியுமுன்பே வெளியே வந்துவிட்டனர்.

அவ்விரு செய்தியாளர்களும் பௌத்தர்கள். தம் மதத்தைச் சாராத மக்களுக்காக அவர்கள் உண்மையைத் தேடிச் சென்றார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அவர்கள் சிறையில் இருக்க, ரோஹிங்யாக்களைப் பற்றிய பொய்யும் வெறுப்பும் முகநூல் வழியே கைக்குக் கை பரவின. மலிவான தொலைபேசி மட்டும் ஊடக சுதந்திரமாகிவிடாது.

2021 பெப்ரவரி 1ஆம் திகதி இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. அடுத்த மாதமே ஐந்து ஊடக நிறுவனங்களின் அனுமதிப்பத்திரங்கள் இரத்தாகின. ஒரு கட்டளையால் கிடைத்தது, இன்னொரு கட்டளையால் போனது.

எனவே இராணுவ ஆட்சியிலிருந்து மீளும் எந்த நாடும் தணிக்கையை நீக்கியதோடு நின்றுவிடக் கூடாது. அடக்குமுறைச் சட்டங்களை மாற்ற வேண்டும். செய்தியாளரைக் காக்கும் சுயாதீனமான நீதிமன்றங்கள் வேண்டும். வாசகர்களாகிய நமக்கும் கடமை உண்டு. வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு நமது மார்க்கம் கற்பிக்கிறது. நம் கைத்தொலைபேசிக்கு வரும் ஒவ்வொரு செய்தியையும் பிறருக்கு அனுப்புமுன் அதை நினைவில் கொள்வோம். ஆராயாமல் நாம் அனுப்பும் ஒரு பொய், எங்கோ ஓர் ஏழையின் வீட்டை எரிக்கக்கூடும்.