சம்பூர் உணர்த்தும் பாடம்

2006இல் போரினால் மக்கள் இடம்பெயர்ந்த சம்பூரில், 500 மெகாவாட் அனல்மின் நிலையமொன்றை அமைக்க இந்தியாவும் இலங்கையும் திட்டமிட்டன. மக்கள் எதிர்த்தனர், வழக்கும் தொடரப்பட்டது. 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கேயே 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குத் தொடக்க விழா நடைபெற்றது. திட்டம் மாறினாலும், காணி யாருடையது, முடிவெடுப்போர் யார் என்ற கேள்விகள் மாறவில்லை.

சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், மக்கள் கருத்துரைக்கச் சட்டம் வழங்கும் காலம் 30 நாட்களே. புலம்பெயர்ந்த பெற்றோரிடம் காணி உறுதிகளும் ஊர் எல்லை பற்றிய அறிவும் உள்ளன. இளையோரிடம் மொழியறிவும் கணினித் திறனும் உள்ளன. இருசாராரும் இணைந்து, தாயகத்தின் ஒவ்வொரு பெருந்திட்டத்தையும் வர்த்தமானி அறிவித்தல் முதலே பதிவுசெய்து ஊரவருக்கு அறிவித்தல் வேண்டும். அடிக்கல் நாட்டிய பின்னர் விடுக்கும் கண்டன அறிக்கையால் காணி மீளாது.