விலை படியாத வீடும் தரகரின் இரண்டாவது அழைப்பும்

வீடு, காணி விற்பனையில் எம்மவர் மத்தியில் ஒரு பழக்கம் ஊறிப்போயுள்ளது. ஒருவர் வீட்டைப் பார்த்து விலை கேட்கின்றார். உரிமையாளர் அந்த விலைக்கு இணங்கவில்லை. அத்தோடு தரகர் அவரைக் கைவிட்டு விடுகின்றார். அதுவரை நாளொன்றுக்கு நான்கு தடவை அழைத்தவர், பிறகு இவர் அழைத்தாலும் கைத்தொலைபேசியைத் தூக்குவதில்லை. இன்னொரு சாரார் இதற்கு நேர்மாறு. "நானா, இன்னும் ஒரு அஞ்சு கூட்டுங்க, முடிச்சித் தாரன்" என்று வாரக்கணக்கில் விடாது துரத்துவார்கள். விலை படியாமற் போனவரிடம் தரகர் மீண்டும் போகலாமா, போவதானால் எப்படிப் போக வேண்டும் என்ற கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பத்து, பதினைந்து வருடம் வெளிநாட்டில் உழைத்த பணம் இந்தப் பேச்சுவார்த்தையில்தான் ஒரு வீடாக மாறுகின்றது, அல்லது வீணாகின்றது.

போகத்தான் வேண்டும் என்பதே எனது கருத்து. ஏனெனில் "வேண்டாம்" என்று உரிமையாளர் சொல்லும்போது விலை மட்டுமே அதற்குக் காரணமாக இருப்பதில்லை. வாப்பாவின் பெயரில் உள்ள வீடாக இருக்கும். அவர் மௌத்தாகிய பின்னர் பங்கு பிரிக்கப்படாமல் கிடக்கும். ஒரு மகன் கட்டாரில், ஒரு மகள் புத்தளத்தில், இளையவர் உம்மாவோடு அதே வீட்டில். மரணசாசனம் எழுதாது இறந்த முஸ்லிமின் சொத்து 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி மார்க்கம் விதித்த பங்குகளாக எல்லோருக்கும் சேர்கின்றது. எல்லோரும் கையொப்பமிட்டால்தான் முழு வீடும் கைமாறும். ஒருவர் மறுத்த நிலையில் ஏனையோரிடம் வாங்கினால், வாங்கியவர் அந்த ஒருவரோடு கூட்டுப் பங்காளியாகி, கடைசியில் பாகப்பிரிவினை வழக்கில்தான் போய் நிற்பார். அப்படியொரு வீட்டிற்கு 280 இலட்சம் கேட்டு மறுக்கப்பட்டவர், தான் குறைத்துக் கேட்டுவிட்டதாகவே எண்ணிக்கொண்டு போகின்றார். தாத்தா இன்னும் சம்மதிக்கவில்லை என்பது தரகருக்குத் தெரியும். சொல்வதில்லை. ஆறு மாதத்தில் அவர் சம்மதித்ததும் பழைய ஆளை மறந்து புதியவர்களைத் தேடுகின்றார்.

காலமும் விலையை மாற்றுகின்றது. 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டபோது சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த நாட்களில் உரிமையாளர் டொலரில் கணக்குப் பார்த்து மறுத்தார். வாங்க வந்தவர்களில் வங்கியை நம்பியிருந்தவர் பின்வாங்கினார். 2023 ஜூனிலிருந்து வட்டி வீதங்கள் குறைக்கப்படத் தொடங்கியபோது இரு தரப்பினரின் நிலையும் மாறியிருந்தது. ஆனால் மறுக்கப்பட்ட விலைகளைக் கொப்பியில் எழுதி வைத்து, அந்த ஆட்களிடம் திரும்பப் போன தரகர்கள் எத்தனை பேர்? வட்டியோடு சம்பந்தமில்லாத எம்மவர் சிலர் கையில் காசை வைத்துக்கொண்டே அக்காலத்தில் அழைப்புக்காகக் காத்திருந்தனர்.

இனி, துரத்துகின்ற தரகரைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். அவர் யாருக்காகத் துரத்துகின்றார்? கணக்கைப் பாருங்கள். 280 இலட்சத்துக்கு வீடு விலைப்பட்டால், 3 வீதத் தரகின்படி அவருக்கு 8 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. உரிமையாளர் கேட்பது போல் 5 இலட்சம் கூட்டி 285க்கு முடித்தாலும் அவருக்கு மேலதிகமாகக் கிடைப்பது வெறும் 15 ஆயிரம். ஆகவே விலை கூடுவதை விட வியாபாரம் முடிவதுதான் அவருக்கு முக்கியம். உரிமையாளரிடம் "சந்தை விழுந்து போச்சு, குடுத்துடுங்க" என்றும், வாங்குபவரிடம் "இன்னொருத்தர் நாளைக்கு அட்வான்ஸ் வைக்கப் போறார்" என்றும் ஒரே நாளில் சொல்ல வைப்பது இதுதான்.

வாங்குபவரின் பக்கமோ வேறு. 280 இலட்சத்துக்கு உறுதி எழுதினால் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமுமாக முத்திரைத் தீர்வை மாத்திரம் 11 இலட்சத்து 19 ஆயிரம் ரூபா. நொத்தாரிசின் கட்டணம் வேறு. 5 இலட்சம் கூட்டினால் தீர்வையிலும் 20 ஆயிரம் கூடும். "அஞ்சுதானே" என்று தரகர் இலேசாகச் சொல்வது அந்தக் குடும்பத்துக்கு இலேசானதல்ல.

மார்க்கத்தின் நிலைப்பாடு இங்கு தெளிவானது. தரகுக் கூலியில் குற்றமில்லை என்று இப்னு ஸீரீன், அதா போன்ற தாபிஈன்கள் கருதியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது கிரந்தத்தில் பதிவு செய்துள்ளார்கள். ஆகவே தொழில் ஹலாலானது. ஆனால் ஒருவர் பேசும் வியாபாரத்தின் மேல் மற்றவர் வியாபாரம் பேசுவதையும், வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். முதலாவது தடை எப்போது பொருந்தும் என்பதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒரு விலையில் இணங்கிய பின்னர் இடையில் புகுவதே ஹராம். இணக்கம் ஏற்படாத நிலையில் கூட்டிக் கேட்பவருக்கு விற்பதில் தடையில்லை.

எனவே விலை மறுக்கப்பட்டு, வீடு இன்னும் எவருக்கும் பேசி முடிக்கப்படாமல் இருக்கும் வரை தரகர் பழையவரிடம் தாராளமாகப் போகலாம். ஆனால் உரிமையாளர் வேறொருவருக்கு 285க்கு வாக்குக் கொடுத்த பின்னர், பழையவருக்கு அழைத்து "290 எண்டு சொன்னா உங்களுக்கே எடுத்துத் தாரன்" என்பது அந்தத் தடைக்குள் வந்து விடுகின்றது. அழைப்பவர் மாத்திரமல்ல, விடயம் தெரிந்துகொண்டே கூட்டிக் கேட்பவரும்தான்.

இங்குதான் எம்மவர் பலர் நாட்டுச் சட்டத்தின் பின்னால் ஒளிந்து கொள்கின்றனர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை தொடர்பாக நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கையொப்பமிடாத வாய்ப்பேச்சுக்கு வலுவில்லை. "எழுதவில்லையே, இன்னும் என்ன?" என்கின்றார்கள். நீதிமன்றத்தில் அது சரி. ஐந்து நேரம் ஒரே ஸப்பில் நிற்பவரிடம் கொடுத்த வாக்குக்கு அது எப்படிப் பதிலாகும்? அந்த வாக்கை நம்பி இருக்கும் வீட்டை விட்டெழும்ப அறிவித்தல் கொடுத்தவர்களும், மகளின் கலியாணத் தேதியைக் குறித்தவர்களும் இருக்கின்றார்கள். காத்தான்குடி, கல்முனைப் பகுதிகளில் பெண் பிள்ளைக்கு வீடு என்பது கலியாணத்தோடு பிணைந்த விடயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. (அந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறு கட்டுரைக்குரியது.)

மறுக்கப்பட்ட விலையை இரையாகப் பயன்படுத்துவதும் பரவலாக நடக்கின்றது. 280 கேட்டவரின் விலையை 295 என்று கூட்டி, "அதையே ஹாஜியார் வேண்டாம் எண்டவர்" என அடுத்தவரிடம் சொல்வது விலையேற்றும் பொய்யின்றி வேறென்ன? உண்மைத் தொகையைச் சொன்னாலும், கேட்டவரின் அனுமதியின்றி அவரது பெயரோடு சொல்வது அமானிதத்தை மீறுவதாகும். அதிலும் மோசமானது, கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு, "அவர் இப்ப பத்துக் கூட்டித் தாராராம், இனியாவது தாங்களேன்" என்று ஆள் அனுப்புவது. நான்கு மாதம் பத்து நாள் பொறுக்க முடியாத வியாபாரம் உலகத்தில் இல்லை.

நல்ல தரகர் விலை படியாத அன்றே வாங்க வந்தவருக்கு அழைத்து முடிவைச் சொல்லிவிடுவார். உரிமையாளர் அனுமதித்தால் காரணத்தையும் சொல்வார். நிலைமை மாறினால் அறிவிக்கவா என்று கேட்பார். "வேண்டாம்" என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்வார். "அறிவியுங்கள்" என்றால், சொல்வதற்குப் புதிதாக ஏதேனும் இருக்கும்போது மாத்திரம் அழைப்பார். தாத்தா சம்மதித்துவிட்டார், விலை குறைந்துள்ளது, வேறொருவரும் கேட்கின்றார் ஆனால் முடிவாகவில்லை என்பன போல. இவற்றில் எதுவும் இல்லாமல் அழைப்பது கரைச்சல்.

வாங்குபவர் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. வீட்டைப் பார்க்கப் போகுமுன்னரே, "நீங்கள் யாருடைய ஆள்? தரகு யாரிடம் எடுக்கின்றீர்கள், எத்தனை வீதம்?" என்று தரகரிடம் முகத்துக்கு நேரே கேளுங்கள். இரு பக்கமும் எடுப்பவரானால் இரு பக்கமும் அதை அறிந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்கும் விலையையும், அது எத்தனை நாளைக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதித் திகதியிட்டு, பிரதியொன்றை உரிமையாளரின் கைக்கே சேருங்கள். அப்போது 280 என்பது வழியில் 270 ஆகவோ 295 ஆகவோ மாறாது. அந்த நாள் கடந்த பின்னர் அழைப்பு வந்தால், பழைய விலையில் நிற்கவோ குறைக்கவோ விலகவோ உங்களுக்குப் பூரண உரிமையுண்டு. மறுக்கப்பட்ட விலை மறுக்கப்பட்டதுதான். உரிமையாளர் மூன்று மாதம் கழித்து "அதுக்கே தாரன்" என்பதால் மாத்திரம் நீங்கள் கட்டுப்பட்டவராக மாட்டீர்கள்.